வேகமாக வந்த 'இல்லை'

தம்பி,

உன் கடிதமும் அதற்குள் நீ நாலாக மடித்து வைத்திருந்த ஒற்றைத் தாளும் செவ்வாய்க்கிழமை வந்தன. கடிதத்தை ஒரு தடவை படித்தேன். தாளைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்களின் பெயரையும் விவரத்தையும் போட்டு வைத்து, கேட்டபோது தேடி எடுத்துக் கொடுக்கிற டேட்டாபேஸ் புரோகிராம்கள் நாலு. ஒன்று உன் கம்பெனி விற்பது, மற்ற மூன்றும் அடுத்தவர்கள் விற்பவை. நாலையும் ஓடவிட்டு, எது எத்தனை நொடியில் முடித்தது என்று கட்டம் போட்டிருக்கிறாய். எல்லாக் கட்டத்திலும் உங்களுடையதே முதலாவது. கீழே, சோதனை நடத்தியவர் என்று உன் பெயர். அடுத்த மாதம் சிங்கப்பூருக்குப் போய் ஒரு மண்டபம் நிறைந்த ஆட்களுக்கு இதைக் காட்டப் போகிறாயாம். அம்மா சந்தோஷப்படுவீங்க என்று எழுதியிருக்கிறாய். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கோபம் என்று நினைத்துவிடாதே. கோபம் வந்தால் இரண்டு நாளில் ஆறிவிடும். இது கெட்டுப்போன பாலைத் தெரியாமல் வாயில் வைத்துவிட்டது போல, எதைக் குடித்தாலும் அதே ருசி. ஏனென்றால் அந்தத் தாளை நான் முன்பே பார்த்திருக்கிறேன். என் கையாலேயே டைப் அடித்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை உன் மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறவர்களும் படிக்கட்டும். ஒளித்து வைத்தது போதும்.

நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தது உனக்குத் தெரியும். ஆனது எப்படி என்று தெரியாது. ஹட்டனில் நான் வேலை பார்த்த காரியாலயத்தில் அதற்கு முன் வெறும் டைப்பிஸ்ட். தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு சுற்றுவட்டாரத் தோட்டங்களின் ஆள் பதிவேடுகள் எல்லாம் எங்களிடம் வந்து சேர்ந்தன. யார் எந்த லயத்து வரிசை வீட்டில் பிறந்தது, தாய் தகப்பன் யார், யாரைக் கட்டியது, பிள்ளைகள் யார் என்று கணக்கப்பிள்ளைமார் தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்த பெரிய புத்தகங்கள். எண்பதுகளின் நடுவில் ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அது இருந்த அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவோம். அந்தப் பதிவேடுகளை அதற்குள் ஏற்ற ஒரு புரோகிராம் வேண்டும். கொழும்பிலிருந்து ஒருவரும் கண்டியிலிருந்து ஒருவரும் தங்களுடையதை வாங்கச் சொல்லி எழுதியிருந்தார்கள். கொழும்புக்காரருடையது நீல நிற அட்டைப் பெட்டியிலும் கண்டிக்காரருடையது சிவப்புப் பெட்டியிலும் வந்ததால் நாங்கள் நீலம், சிவப்பு என்றே சொன்னோம். இரண்டையும் ஒரே நாளில் ஓடவிட்டு, வேகமானதை வாங்குவோம் என்று மனேஜர் முடிவு செய்தார். நேரம் பார்க்க ஒரு ஸ்டாப் வாட்சை விளையாட்டு மாஸ்டரிடம் இரவல் வாங்கி வந்து என் கையில் கொடுத்தார்.

அன்று கினிகத்தேனைப் பக்கம் மண்சரிவு. கண்டிக்காரர் வர முடியவில்லை. பெட்டியை மட்டும் முதல்நாளே பஸ்ஸில் அனுப்பியிருந்தார். கொழும்புக்காரர் ஜெயந்த, முதல்நாளே வந்து ரெஸ்ட் ஹவுசில் தங்கியிருந்தார். நல்ல உடுப்பு, நல்ல சிரிப்பு. "பரவாயில்ல, ரெண்டையும் நானே ஓட்டிக் காட்டுறேன். எனக்குப் பக்கம் கெடையாது" என்று சிங்களத்தில் சொன்னார். மனேஜர் தலையாட்டினார். தன் சாமானை விற்க வந்தவன் அடுத்தவன் சாமானையும் ஓட்டிக் காட்டுகிறேன் என்கிறான். அந்த அறையில் இருந்த மற்ற ஆறு பேரில் ஒருவருக்கும் அது உறுத்தவில்லை. எனக்கு உறுத்தியது. வாயைத் திறக்கவில்லை.

என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்கிறேன், உன் தாளில் இதெல்லாம் நடந்திருக்கிறதா என்று நீயே பார்த்துக்கொள். நீலத்தைக் கம்ப்யூட்டருக்கு உள்ளேயிருந்த ஹார்ட் டிஸ்கில் ஏற்றி ஓட்டினார். சிவப்பை அது வந்த பிளாப்பியில் இருந்தபடியே ஓட்டினார். பிளாப்பி கரகரவென்று சத்தம் போட்டுக்கொண்டு நொண்டியது. தேடிப் பார்க்க அவர் கொண்டுவந்த பெயர்ப் பட்டியல் கொழும்பில் தயாரித்தது. ஒரு பெயர் போல இன்னொன்று இல்லை. எங்கள் பதிவேட்டில் முத்துசாமி மகள் மாரியாயி எத்தனை பேர் என்று உனக்கே தெரியும். நம் லயத்திலேயே மூன்று பேர் இருந்தார்கள். அந்தச் சிக்கலை இரண்டு பெட்டியிடமும் யாரும் கேட்கவில்லை. போதாததற்கு, காலையில் நான் தேத்தண்ணீர் கொண்டுபோனபோது ஜெயந்த தனியாக இருந்து நீலத்தில் அதே பெயர்களைத் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே ஒருமுறை தேடி எடுத்ததை மறுபடி கேட்டால் அது கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கும். பத்து மணிக்கு எல்லாரும் பார்க்கக் கேட்டபோது நீலம் பட்டென்று பதில் சொன்னது. நான் பட்டனை அமுக்கி, நொடியை எழுதிக்கொண்டேன்.

கடைசியாகப் புதுப் பெயர்களை ஏற்றும் போட்டி. சிவப்பில் ஒவ்வொரு பெயரை அடித்து முடித்ததும் டிஸ்கின் சின்ன லைட் எரிந்து அணைந்தது. அதுவரை அடுத்த பெயருக்குக் காத்திருக்க வேண்டும். "இதென்ன, ஒவ்வொரு பேருக்கும் ஒரு பெருமூச்சு விடுதே" என்று மனேஜர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நீலத்தில் பெயர்கள் மளமளவென்று உள்ளே போயின. லைட் எரியவே இல்லை. நான் மெதுவாகக் கேட்டேன்: "சேர், இது எங்க எழுதி வைக்குது?" ஜெயந்த என்னைப் பார்த்துச் சிரித்தார். "அதுதான் மிஸ் இதோட கெட்டித்தனம். எல்லாத்தையும் ஞாபகத்துல வச்சிக்கிட்டு, கடைசில ஒரே தடவையா எழுதும். நீங்க நேரத்த மட்டும் எழுதுங்க." பிறகு மத்தியானச் சாப்பாட்டின்போது, நீலத்தை வாங்கினால் ஒருவருக்குக் கொழும்பில் ஆறு வாரப் பயிற்சி, சான்றிதழ், அதற்கு என் பெயரைத் தான் சொல்வதாக மனேஜர் காதில் விழும்படி சொன்னார். டைப் ரைட்டரை விட்டு எழுந்து அந்தச் செருப்பில்லாத அறையில் எனக்கென்று ஒரு நாற்காலி. அதை எண்ணிக்கொண்டுதான் அன்று பின்னேரம் நான் தாளை டைப் அடித்தேன். நீலம், சிவப்பு, நொடி. பிளாப்பியைப் பற்றி ஒரு வரி இல்லை. கண்டிக்காரர் வராததைப் பற்றி இல்லை. எரியாத லைட்டைப் பற்றி இல்லை. நான் எழுதிய ஒவ்வொரு நொடியும் சரியானது, தம்பி. ஒரு இலக்கம்கூடப் பொய் இல்லை. அதை நினைக்கும்போதுதான் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர், கம்ப்யூட்டரைக் கண்டதில்லை. "வெறும் ரோலர ஓட்டிக் காட்டுனா எந்த ரோலரும் வேகமாத்தான் சுத்தும். கொழுந்தப் போட்டுச் சுத்தச் சொல்லணும்" என்றார். "அந்த லைட்டு ஏன் எரியலன்னு கேட்டியா?"

"கேட்டேன்."

"அவன் சொன்னது ஒனக்குச் சரின்னு பட்டுச்சா?"

"படல."

"அப்பறம்?"

நான் சோறு போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். ஆறு வாரம் நான் கொழும்பில் இருந்தபோது அவர்தான் உனக்குச் சமைத்துப் போட்டார். வந்தபின் நான் சான்றிதழுக்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினேன். நீ அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்தப் படிப்பு படிக்க ஆசைப்பட்டாய். அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஒருநாள் மட்டும் தவறியவள் போல ஆகிவிடும். நீ நாலாம் வகுப்பில் மனக்கணக்குப் போட்டியில் முதலாவது வந்தாய். அந்தக் கேள்விகளை டைப் அடித்து, பிரதி எடுக்க ஸ்டென்சில் வெட்டிக் கொடுத்தவள் நான்தான். பள்ளிக்கூடத்தில் டைப் ரைட்டர் இல்லை என்று கேட்டிருந்தார்கள். முதல்நாள் சாயந்தரம் பழகிப் பார்ப்போம் என்று சொல்லி உன்னிடம் அதே கணக்குகளைக் கேட்டேன். நீ விரல்விட்டு எண்ணி, தப்பு விட்டு, திருத்திச் சொன்னாய். மறுநாள் மேடையில் மற்றப் பிள்ளைகள் யோசிக்க ஆரம்பிக்கும் முன்னரே நீ விடை சொன்னாய். இரண்டாவது வந்த ஜெயராணியின் தாய் கொழுந்துக் கூடையோடு நேரே மலையிலிருந்து வந்து பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அந்தப் பிள்ளை யோசித்து, தானாகக் கண்டுபிடித்துச் சொன்னது. நான் உனக்காகக் கை தட்டினேன். நீ இதை இன்றுவரை அறியமாட்டாய். உன்னைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நீ கெட்டிக்காரன் என்று அன்று எல்லாரும் சொன்னது மட்டும் எனக்குக் கேட்க முடியாமல் இருந்தது. அப்படியும் கேட்டுக்கொண்டுதான் நின்றேன்.

நீலத்துக்கு வருகிறேன். பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றின் பதிவேட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். ஜூன் மாத மழை. பின்னேரம் மூன்று மணிக்கு மேல் இடி விழுந்து கரண்ட் போய்விட்டது. வந்தபின் திறந்து பார்த்தால் அன்று காலையிலிருந்து அடித்தது ஒன்றுமே இல்லை. எல்லாம் அதன் ஞாபகத்தில் மட்டும் இருந்ததால் கரண்டோடு போய்விட்டன. அதுமட்டும் என்றால் திரும்ப அடித்திருப்பேன். முன்தினங்களில் ஏற்றியவையும் அங்கங்கே சிதைந்திருந்தன; சில பெயர்கள் கேட்டால் வந்தன, சில வரவில்லை, எவை போயின என்று சொல்ல அந்தப் புரோகிராமுக்கே தெரியவில்லை. மனேஜரிடம் போனேன். அந்த வாரம் கொழும்பிலிருந்து பெரியவர்கள் பார்க்க வருவதாக இருந்தது. "மிஸ், பிந்திப்போச்சு. முடிஞ்சதுன்னு போடுங்க" என்றார். நினைவில் இருந்த பக்கங்களைத் திரும்ப அடித்தேன். மற்றப் பக்கங்களைப் புரட்டி, சரிபார்த்ததாகப் பென்சிலால் சரி போட்டேன். பார்க்காமலே போட்டேன். அதன் பின் பழைய புத்தகங்களை இடம் அடைக்கிறது என்று பின்பக்கக் களஞ்சியத்தில் போட்டார்கள். அங்கே தகரம் ஒழுகும். அடுத்த மழைக்காலத்துக்குள் அவை ஒட்டிப்போன கூழாகிவிட்டன.

அப்படி இருக்கும்போதுதான் பொன்னுத்தாயி வந்தாள். அதே தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள், நாற்பது வயது இருக்கும். இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டிருந்தாள்; இங்கேயே பிறந்தாலும் தோட்டத்து ஆட்கள் அதை எழுதிக் கேட்க வேண்டிய காலம். ஜன்னலுக்கு வெளியே நின்று, "எனக்கு ஒரு துண்டு வேணுங்க. நான் இந்தத் தோட்டத்துலதான் பொறந்தவன்னு எழுதுன துண்டு" என்றாள். பெயரை அடித்தேன். கண்ணைச் சிமிட்டும் முன் 'இல்லை' என்று வந்தது.

"ஒங்க பேரு இல்லைங்க."

"நல்லாப் பாருங்கம்மா. தகப்பன் பேரு பெரியசாமி."

மறுபடி அடித்தேன். இரண்டாவது தடவை இன்னும் வேகமாக 'இல்லை' என்றது.

"என் வீட்டுக்காரரு பேரு இருக்குங்களா?"

"இருக்கு."

"புள்ளைங்க பேரு?"

"மூணு பேரும் இருக்காங்க."

"அப்ப நான் மட்டும் எங்கங்க போனேன்?"

நான் மனேஜரிடம் கேட்டுவிட்டு வந்தேன். கம்ப்யூட்டரில் இல்லையென்றால் இல்லை, அப்படியே எழுதிக் கொடு என்றார். இந்தப் பெயரில் எவரும் எமது பதிவுகளில் இல்லை என்று டைப் அடித்து, கீழே என் முதலெழுத்துகளைப் போட்டு, ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். எழுத வாசிக்கத் தெரியாத அவள், கேட்டது கிடைத்துவிட்டது என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். இதை எழுதும்போது எனக்குக் கை கழுவ வேண்டும் போல இருக்கிறது.

அந்தத் துண்டோடு அவள் மனு நின்றுபோனது. அவளுடைய தாய் தகப்பன் பாஸ்போர்ட் எடுத்து இந்தியா போனவர்கள். இங்கே பெயர் இல்லாததால் அவளும் அவர்களோடு இந்தியப் பிரஜாவுரிமைக்கு எழுதிக் கொடுத்தவளாகத்தான் இருப்பாள் என்று ஆகிவிட்டது. புருஷனும் பிள்ளைகளும் இந்த நாட்டு ஆட்கள், அவள் எந்த நாட்டுக்கும் இல்லை. அடையாள அட்டை எடுக்க முடியவில்லை. யுத்தத்தினால் ரோட்டில் அட்டை கேட்டுச் சோதிக்கிற காலம். மூத்த மகளை உடப்புசல்லாவையில் கட்டிக் கொடுத்திருந்தாள். அந்தப் பிள்ளைக்குப் பிரசவம் என்று செய்தி வந்தபோது பஸ் ஏறப் பயந்து அவள் போகவில்லை. பேரப்பிள்ளை நடக்க ஆரம்பித்த பிறகு அவர்கள் தூக்கிக்கொண்டு வந்து காட்டினார்கள். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவள் மாதம் ஒருமுறை ஜன்னலுக்கு வந்து, "இப்பப் பாருங்கம்மா, வந்திருக்கும்" என்று கேட்பாள். நானும் அடித்துப் பார்ப்பேன். ஒருநாள் அவள் மகளின் பிரசவத்தைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போன பிறகு, களஞ்சியத்துக்குப் போய் அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். பக்கங்கள் ஒரே கட்டியாக இருந்தன. மேலே ஓரத்தில் என் பென்சில் சரி மட்டும் தெரிந்தது.

நடந்ததை எழுதிக் கொடுப்போம் என்றதற்கு மனேஜர் ஒத்துக்கொள்ளவில்லை. "காரியாலயத்த நாறடிக்கப் பாக்குறீங்களா?" என்று கேட்டார். நான் தனியாகச் சமாதான நீதவானிடம் போய் ஒரு சத்தியக் கடதாசி எழுதிக் கொடுத்தேன்: அந்தப் பெயர் இருந்தது, இடி விழுந்த நாளில் போனது, நான் பார்க்காமல் சரி போட்டேன். அடுத்த மாதமே என்னை மறுபடி டைப் ரைட்டருக்கு அனுப்பினார்கள். கண் வலியால் பதவியை விட்டேன் என்று உனக்குச் சொன்னது பொய்.

இப்போது உன் தாளுக்கு வா. நீ திருடன் இல்லை, உன் இலக்கங்களும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் மற்ற மூன்றையும் ஓட்டியது யார், அவற்றை நன்றாகத் தெரிந்தவர்களா, அல்லது நீயா? யாருடைய பெயர்களைப் போட்டு ஓட்டினாய்? ஒருவன் மட்டும் தட்டினாயா, நிஜக் காரியாலயத்தில் போல பத்துப் பேர் ஒரே நேரம் தட்டினார்களா? மெதுவாக இருந்தது ஏன் மெதுவாக இருந்தது என்று ஒரு தடவையாவது கேட்டாயா? அது அந்த நேரத்தில் பத்திரமாக எழுதி வைத்துக்கொண்டிருந்திருக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மறுபடி போட்டு, எத்தனை பெயர் மிஞ்சியது என்று பார். அதற்கும் ஒரு கட்டம் போடு. அந்தக் கட்டத்தில் உன் கம்பெனி கடைசியாக வந்தால் கடைசி என்றே போடு. போட விடமாட்டார்கள் என்றால் உன் பெயரை அந்தத் தாளிலிருந்து எடுத்துவிடு. சிங்கப்பூர் போகாவிட்டால் போகாதே. மண்டபத்தில் கை தட்டுவார்கள், தம்பி. நன்றாகத்தான் இருக்கும். எனக்கு அது தெரியும்.

அந்தச் சத்தியக் கடதாசியோடு பொன்னுத்தாயியை நுவரெலியாவில் இருக்கும் அரசாங்கக் கச்சேரிக் காரியாலயத்துக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் அவளை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, யாரும் ஏறிச் சோதித்தால் என் கடதாசியைக் காட்ட எடுத்துக் கையிலேயே வைத்திருந்தேன். அங்கே இருந்த உத்தியோகத்தர் வயதான சிங்களவர், பொறுமையானவர். தமிழ் தெரியாததால் நான்தான் இருவருக்கும் இடையில் பேசினேன். கடதாசியைப் படித்துவிட்டு, இந்த அம்மா உனக்கு யார் என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். பொன்னுத்தாயி யோசிக்கவே இல்லை. "இவங்கதாங்க என் பேர தொலைச்சவங்க. அதச் சொல்லத்தான் வந்திருக்காங்க" என்றாள். அதில் ஒரு கோபமும் இல்லை. ஒரு சொல் குறைக்காமல் அதை நான் சிங்களத்தில் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் புரோகிராம் இப்படிச் செய்யும் என்று வாங்கும்போதே உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். நான் பதில் சொன்னேன்.

"என்னாங்கம்மா கேட்டாரு?" என்றாள் பொன்னுத்தாயி.

"அந்தப் பொட்டி சரியில்லன்னு வாங்குறப்பவே எனக்குத் தெரியுமான்னு கேட்டாரு."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"தெரியும்னு சொன்னேன்."

அது அவளுக்கு அதுவரை தெரியாது. இடி விழுந்ததால் வந்த வினை என்றுதான் நினைத்திருந்தாள். அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, மை தொடுவதற்காகப் பெருவிரலை நீட்டினாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள். அவளுக்குப் பிரஜாவுரிமைக் கடதாசி வந்த செய்தியை, பல மாதம் கழித்து, அப்பாதான் தொழிற்சாலையில் கேட்டு வந்து சொன்னார். அவள் எனக்குச் சொல்லி அனுப்பவில்லை.

அம்மா
ஹட்டனிலிருந்து